மன்றோ யாருக்கு நல்லவர்?

"வெள்ளைக்கார ஆளுநர்களில் தாமஸ் மன்றோ மட்டும் விதிவிலக்கு" என்ற பேச்சை மறுக்காமல் விட்டது போதும். இதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் அபிமானிகள் மட்டும் சொல்வதில்லை. அந்த ஆட்சியைக் கடுமையாக விமர்சிக்கிறவர்களும் மன்றோவிடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பக்தி இதழ்கள் அவரை ராகவேந்திரரின் தரிசனம் பெற்ற பாக்கியசாலி என்கின்றன. வரலாற்று ஆர்வலர்கள் உழவர்களின் காவலர் என்கிறார்கள். இங்கே திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைக்குப் பின்னால் ஓர் ஏக்கர் புஞ்சையும் ஒரு கிணறும் வைத்திருப்பவர்களில்கூட, தங்கள் கையிலிருக்கும் பட்டா அந்தத் துரை கொடுத்த வரம் என்று நம்புகிறவர்கள் உண்டு. நான் மறுப்பது இந்த நம்பிக்கையைத்தான்.

மறுக்கும் முன் எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவதே முறை. மன்றோ 1761இல் கிளாஸ்கோவில் ஒரு வணிகருக்குப் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் தந்தையின் வியாபாரம் நொடித்தது. 1780 ஜனவரியில், கம்பெனிப் படையில் சாதாரணப் பயிற்சி வீரராகச் சென்னையில் இறங்கினார். ஹைதர் அலியோடும் திப்புவோடும் நடந்த போர்களில் சண்டையிட்டார். 1792இல் திப்பு விட்டுக்கொடுத்த பாராமகாலில், அதாவது நம் செங்கம் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமையில், அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக ஏழாண்டுகள் நிலவரி வேலை பார்த்தார். பிறகு கனராவில் கலெக்டர். 1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பை அடங்கிய விட்டுக்கொடுக்கப்பட்ட மாவட்டங்களில் முதன்மைக் கலெக்டர். 1820இல் சென்னை மாகாண ஆளுநர். அக்காலத்து ஆளுநர்களில் பலர் லண்டன் செல்வாக்கால் நேரே அந்த நாற்காலிக்கு வந்தவர்கள். இவர் கூடாரத்தில் தங்கி, வயல் வயலாக நடந்து, குடியானவர்களின் மொழியில் பேசி மேலே வந்தவர். ஊர் திரும்பும் தறுவாயில், தாம் பழகிய மாவட்டங்களைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது, 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். சென்னைத் தீவுத்திடல் அருகே இன்றும் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார்.

இதில் ஒரு வரியைக்கூட நான் பொய்யென்று சொல்லப்போவதில்லை. மன்றோ நேர்மையானவர், உழைப்பாளி, தம் சகாக்களைவிட இந்த மக்களை அதிகம் மதித்தவர். ஆனால் ஓர் ஆளுநரை அளக்க வேண்டிய கோல் அவருடைய குணம் என்று யார் சொன்னது? அவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருந்தார், விட்டுச்சென்ற ஏற்பாடு அவருக்குப் பின் மக்களை என்ன செய்தது என்ற இரண்டையும் கேட்டால், விதிவிலக்கு என்ற பேச்சு நிற்காது.

1. இடைத்தரகர்களை ஒழித்தார் என்கிறார்களே?

ஒவ்வொரு பட்டாதாரரிடமும் அரசே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை, ஜமீன்தார் என்ற ஓர் இடைத்தரகரை ஏற்கவில்லை என்பது உண்மை. அதன் மூலவடிவம் ரீடுடையது, மன்றோ அதை வளர்த்து நிலைநிறுத்தினார் என்பது இருக்கட்டும். அரசுக்கும் குடியானவருக்கும் நடுவே யாரும் இல்லை என்று சொல்வதுதான் தவறு. மணியக்காரர் இருந்தார், கர்ணம் இருந்தார், தாசில்தாரும் அவருடைய சேவகர்களும் இருந்தார்கள். கணக்கு முழுவதும் கர்ணத்தின் கையில். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் எந்தப் புலம் சாகுபடி, எது தரிசு, எதற்கு வஜா (வரித் தள்ளுபடி) என்று தீர்மானிக்கும்போது வெள்ளைக்காரக் கலெக்டருக்குக் கண்ணாக இருந்தது அந்த ஏடுதான். ஒரு மாவட்டத்தில் பல்லாயிரம் பட்டாக்கள். ஒரே ஒரு கலெக்டர். அவர் ஒவ்வொரு குடியானவரோடும் நேரடியாகக் கணக்குத் தீர்த்தார் என்று சொல்கிறவர்கள் ஒரு தாலுகா அலுவலகத்தின் ஜமாபந்தியை ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. பட்டா யாருக்கு? உழுதவருக்கா, உழுவித்தவருக்கா? பண்ணையாளாகவும் படியாளாகவும் அடிமையாகவும் நிலத்தில் கிடந்தவர்களின் பெயர் அந்தக் கணக்கில் ஏறவில்லை. மன்றோ ஆளுநராக வருவதற்கு முந்தைய ஆண்டு, 1819இல், வேளாண் அடிமைமுறை பற்றிய கலெக்டர்களின் அறிக்கைகள் வருவாய் வாரியத்தின் மேசைக்கு வந்துவிட்டன. தமிழ்நாட்டின் நெல் மாவட்டங்களில் மனிதர்கள் நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்கப்படுவது சென்னைக் கோட்டை அரசுக்குத் தெரிந்த செய்தி. ஏழாண்டு ஆட்சியில் அந்த முறை சட்டப்படி தொடப்படவில்லை. அதற்கு 1843ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து போட்ட பறையர்களை மிராசுதார்கள் எப்படித் தடுத்தார்கள் என்பதை 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிவைத்தார். பஞ்சமி நிலம் என்று அவர்களுக்கெனத் தனியாக ஒதுக்க வேண்டிவந்ததே, அதைவிட என்ன சாட்சி வேண்டும்? உழவர்களின் காவலர் என்கிறவர்கள் உழவர் என்ற சொல்லுக்குள் யாரையெல்லாம் சேர்க்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

2. வரியைக் குறைத்தார் என்கிறார்களே?

எப்போது குறைத்தார் என்று பாருங்கள். முதன்மைக் கலெக்டராக இருந்த ஏழாண்டுகளில், அந்த மாவட்டங்களின் நிலவரி வசூலை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கினார். சுமார் எண்பது பாளையக்காரர்களை அடக்கி, நிலத்தை அளந்து, ஒரு புலம்கூட விடாமல் தீர்வை கட்டியதன் பலன் அது. விளைச்சலில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு அரசுக்குப் போகும் அந்த விகிதம் தாங்க முடியாதது என்று அவருக்கே தெரியும். 1807இல் வேலையை விட்டுப் புறப்படும்போதுதான், தீர்வையில் கால்பங்கைக் குறைத்து, மூன்றில் ஒரு பங்கோடு அரசு நிற்க வேண்டும் என்று பரிந்துரை எழுதினார். கையில் சாட்டை இருந்தவரை வசூலித்தார், அதைக் கீழே வைக்கும்போது கருணையைப் பரிந்துரைத்தார். மேலிடம் அந்தக் கருணையைக் கண்டுகொள்ளவில்லை.

ஆளுநரான பிறகு குறைத்தார், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குறைப்பு முதன்மையாக அவருடைய பழைய மாவட்டங்களுக்குத்தான் போனது. வேறு பல மாவட்டங்கள் பழைய கனத்தையே சுமந்தன. அதோடு, தீர்வை பணத்தில் நின்றது. விளைந்ததில் பங்கு என்ற வாரமுறையில் விளைச்சல் குறைந்தால் அரசின் பங்கும் குறையும். பணத்தீர்வைக்கு மழை பெய்ததா, ஏரி நிரம்பியதா என்ற கவலை கிடையாது. வஜா உண்டு என்பார்கள். வஜா தருகிறவர் யார், அதற்கு யார் காலைப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

இதற்கு மேல் விலை வீழ்ச்சி. 1820களின் நடுவிலிருந்து 1850களின் தொடக்கம்வரை சென்னை மாகாணத்தில் தானிய விலை தாழ்ந்தே கிடந்தது. தீர்வை ரூபாயில் மாறாமல் நிற்க, அந்த ரூபாயைப் புரட்ட அதிக மூட்டை விற்க வேண்டியிருந்தது. அறுவடை கையில் இருக்கும்போதே கிஸ்திக்காரன் வாசலில் நிற்பான். விலை அடிமட்டத்தில் இருக்கும் அந்த வாரத்திலேயே விற்றாக வேண்டும், அல்லது வட்டிக்கடைக்குப் போக வேண்டும். திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரம் போன்ற மானாவாரிச் சீமையில், கேழ்வரகும் சாமையும் விதைத்து வானத்தைப் பார்க்கிறவருக்கு, மாறாத பணத்தீர்வை என்பது மாறாத கடன். இந்த விலை வீழ்ச்சியை மன்றோ உண்டாக்கவில்லை. ஆனால் அதன் பாரம் முழுவதும் குடியானவரின் முதுகில் மட்டும் இறங்கும்படி கணக்கை அமைத்தவர் அவர்.

3. நீதியை மக்களுக்கு அருகில் கொண்டுவந்தார் என்கிறார்களே?

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வருவது இந்த வாதத்தைக் கேட்டால்தான். 1814இல் நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக அவர் லண்டனிலிருந்து திரும்பினார். 1816இல் சட்டங்கள் வந்தன. கிராம முனிசீபு, பஞ்சாயத்து, இந்தியரான மாவட்ட முனிசீபு ஆகியவற்றை எடுத்துக்காட்டிப் பாராட்டுகிறார்கள். அதே 1816இல், அதே சட்டங்களின் வரிசையில், காவல்துறையும் மாஜிஸ்ட்ரேட் அதிகாரமும் நீதிபதியிடமிருந்து எடுக்கப்பட்டுக் கலெக்டரிடம் கொடுக்கப்பட்டன. கலெக்டருக்குக் கீழே தாசில்தார். ஆக, வரி வசூலிக்கிறவரே போலீஸ், வரி வசூலிக்கிறவரே விசாரணை. கிஸ்தி கட்டாத குடியானவர் கொடுமைக்கு ஆளானால் யாரிடம் போய் முறையிட வேண்டும்? கொடுமை செய்தவரிடமே.

இது ஊகம் இல்லை. 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கிய காஜுலு லட்சுமிநரசு செட்டி, நிலவரி வசூலில் நடக்கும் சித்திரவதையைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை கொண்டுபோனார். டான்பி சேமூர் என்ற உறுப்பினர் நேரில் வந்து பார்த்தார். விவாதம் எழுந்தது, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் ஆணையம் அமைந்தது. 1855இல் அறிக்கை வந்தது. குறுகிய காலத்தில் 1,900க்கும் மேற்பட்ட புகார்கள். நூற்றுக்கணக்கான மைல் நடந்து சென்னைக்கு வந்து சாட்சி சொன்னவர்கள் இருந்தார்கள். கிட்டி என்ற மரக்கருவிக்குள் விரல்களை வைத்து நெரிப்பது, உடலை வளைத்துத் தலையைக் காலோடு கட்டிப்போடுவது, முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்துவது என்று பட்டியல் நீள்கிறது. சில ரூபாய் பாக்கிக்காக இத்தனையும். வரி அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்திருப்பது இந்தக் கொடுமைக்கு எப்படி வழிவிட்டது என்பதை அறிக்கையைப் படிக்கிற எவரும் காணலாம். 1859இல்தான் மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது.

கிட்டி மன்றோவுக்கு முன்பே இருந்ததே, நவாபு காலத்திலும் அடித்தார்களே என்று பதில் வரும். இருந்தது, அடித்தார்கள். நான் கேட்பது வேறு. நீதிபதியின் கையில் இருந்த தடையை எடுத்துவிட்டது யார்? வங்காள முறையில் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் வரியையும் நீதியையும் பிரித்துவைத்ததற்குக் காரணம் இருந்தது. மன்றோ அதை இந்த நாட்டுக்கு ஒவ்வாத அந்நிய ஏற்பாடு என்றார். கீழைநாட்டு மக்கள் எல்லா அதிகாரமும் ஒருவரிடம் இருப்பதையே புரிந்துகொள்வார்கள் என்பது அவருடைய பள்ளியின் நம்பிக்கை. தந்தையைப் போன்ற கலெக்டர், கேட்டவுடன் தீர்ப்பு, கோர்ட்டு அலைச்சல் இல்லை. மன்றோவைப் போன்ற ஒருவர் அந்த நாற்காலியில் இருக்கும்வரை அது அழகாகவே இருந்திருக்கும். மாகாணம் முழுக்க மன்றோக்கள் கிடைத்தார்களா? தாலுகாவுக்கு ஒரு மன்றோ கிடைத்தாரா? தம்மைப் போன்றவர்களுக்காக ஓர் ஏற்பாட்டைச் செய்து, அது தம்மைப் போல் அல்லாதவர்கள் கையில் என்ன ஆகும் என்று கணிக்காத ஆட்சியாளரை நான் தொலைநோக்குள்ளவர் என்று சொல்லமாட்டேன்.

4. வேறு வழி என்ன இருந்தது என்கிறார்களே?

இருந்தது. அந்த வழிக்காக வாதிட்டவர்கள் கோட்டைக்குள்ளேயே இருந்தார்கள். சென்னைக் கலெக்டர் எல்லிஸ், தமிழ் கற்ற அந்த எல்லிஸ், திராவிட மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று 1816இல் எழுதியவர், தொண்டை மண்டலத்து மிராசு உரிமை, அதாவது ஊர் நிலத்தின் மீதான பரம்பரை உரிமை, எவ்வளவு பழமையானது, எவ்வளவு உறுதியானது என்று விரிவாக வாதாடினார். ஹாட்ஜ்சன் போன்றவர்கள் வருவாய் வாரியத்தில் கிராமக் குத்தகையை ஆதரித்தார்கள். ஊரை ஓர் உடலாக ஏற்று, மொத்தத் தீர்வையை நிர்ணயித்து, பங்கீட்டை ஊரிடமே விடுவது அந்த வழி. 1818 ஜனவரியில் வாரியம் ரயத்துவாரியைக் கடுமையாகக் கண்டித்து நீண்டதொரு குறிப்பே எழுதியது.

எல்லிஸ் தரப்பு ஏழைகளின் தரப்பு என்று நான் சொல்லவில்லை. மிராசு என்றால் வேளாளரும் பிராமணரும்தான். கிராமக் குத்தகை வென்றிருந்தாலும் சேரியில் இருந்தவருக்கு நிலம் கிடைத்திருக்காது. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். ஊரின் பொது விளைச்சலில் ஏரிக்கு ஒரு பங்கு, கால்வாய்க்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு, வெட்டியானுக்கும் தச்சனுக்கும் ஒரு பங்கு என்று எடுத்துவைத்த பிறகே அரசின் பங்கு என்ற ஒழுங்கு ஊரை ஓர் உடலாகக் கொண்டால்தான் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு பட்டாதாரரையும் தனித்தனியாக அரசின் முன் நிறுத்தியபோது அந்தப் பொது முதல் தளர்ந்தது. ஏரி அரசுடையது, வரி கட்டுகிறோம், அரசே தூர் வாரட்டும் என்ற மனநிலை அங்கிருந்து வருகிறது. அரசோ வசூலைப் பார்த்தது, ஏரியைப் பார்க்கவில்லை. ஊரார் கூடி ஏரியைப் பேணும் குடிமராமத்து குலைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு, ரயத்துவாரி அவற்றில் முதல் வரிசையில் இருக்கிறது. ஏரியை நம்பி வாழும் நம் மாவட்டத்தில் இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை.

இந்தப் போட்டியில் மன்றோ எப்படி வென்றார் என்பதும் கவனிக்கத்தக்கது. 1807க்குப் பிறகு லண்டனில் இருந்த ஆண்டுகளில் கம்பெனி இயக்குநர்களையும் நாடாளுமன்றக் குழுவையும் தம் பக்கம் இழுத்தார். சென்னையில் நடந்த விவாதத்தை லண்டனில் முடித்தார். தீர்ப்பு சொன்ன இடம் நம் நஞ்சை வரப்புகளிலிருந்து வெகு தொலைவில் இருந்தது.

5. இந்தியர்களை நம்பினார் என்கிறார்களே?

1824 டிசம்பர் 31 அன்று அவர் எழுதிய குறிப்பை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இந்தியர்களை உயர்ந்த பதவிகளிலிருந்து விலக்கிவைப்பது அவர்களைத் தாழ்த்திவிடும், ஒருநாள் அவர்கள் தங்களைத் தாங்களே ஆளும் தகுதி பெற வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் காலத்துக்கு அது பெரிய சொல், மதிக்கிறேன். ஆனால் அதே கை 1822 ஏப்ரலில் எழுதிய பத்திரிகைச் சுதந்திரக் குறிப்பை ஏன் யாரும் பக்கத்தில் வைப்பதில்லை? அந்நியர் ஆட்சியும் சுதந்திரப் பத்திரிகையும் ஒன்றாக இருக்க முடியாது, இந்தியப் படைவீரர்கள் செய்தித்தாள் படிக்கத் தொடங்கினால் ஆட்சி நிலைக்காது என்பது அதன் சாரம். கணிப்பு சரியானது. சரியாகத் தெரிந்துகொண்டு, தணிக்கையைத் தேர்ந்தெடுத்தார். தங்களை ஆளும் தகுதியை மக்கள் எங்கிருந்து பெறுவார்கள், பேசவும் அச்சிடவும் விடாமல்?

கல்வியிலும் இதே கதை. மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க 1822இல் உத்தரவிட்டார். 1826இல் அதன் முடிவைத் தம் குறிப்பில் பதிந்தார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். எந்தச் சாதியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதுவரை எழுதிய அந்த ஆவணம் வரலாற்றுக்குப் பெரும் செல்வம். ஊர்ப் பள்ளிகள் தேய்வதற்கு மக்களின் வறுமையும் காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த வறுமையில் தீர்வையின் பங்கு என்ன என்ற கேள்வி அந்தக் குறிப்பில் எழவில்லை. அவர் திட்டமிட்ட கலெக்டர் பள்ளிகளும் தாசில் பள்ளிகளும் அரைகுறையாகத் தொடங்கி, 1836இல் மூடப்பட்டன. இறந்த மனிதரை அதற்குக் குறைசொல்ல முடியாதுதான். ஆனால் நியமன ஆளுநரின் நல்ல எண்ணம் அடுத்த நியமனம் வரும்வரைதான் உயிர்வாழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

6. தெய்வமே அவருக்குக் காட்சி தந்ததே என்கிறார்களே?

மந்திராலயத்தில் ராகவேந்திரர் மன்றோவுக்குத் தரிசனம் தந்தார் என்பதை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மலையையே சிவனென்று வலம்வருகிற ஊரில், மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் வைத்துக் கும்பிடுகிற ஊரில் இருந்துகொண்டு, பிறர் பக்தியை அளக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் அந்தக் கதையையே கவனமாகக் கேளுங்கள். கலெக்டர் அங்கே ஏன் போனார்? மடத்து நிலத்தை அரசு எடுத்துக்கொள்வது பற்றி விசாரிக்கப் போனார். ஒரு மடத்தின் நிலத்தைக் காக்க மகானே பிருந்தாவனத்திலிருந்து எழுந்துவந்து பேச வேண்டியிருந்தது என்பதுதான் பக்தர்கள் சொல்லும் கதை. மகான் எழுந்துவராத மற்ற ஊர்களில் கேட்பார் யார்?

கடைசியாக ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. 1820இன் மனிதரை இன்றைய அளவுகோலால் அளப்பது அநீதி என்பார்கள். நான் வைத்த அளவுகோல் எதுவும் இன்றையது அல்ல. வரி மிகை என்பது 1807இல் மன்றோவே வைத்த அளவு. ஊரின் உரிமை என்பது 1816இல் எல்லிஸ் வைத்த அளவு. வரியும் நீதியும் பிரிந்திருக்க வேண்டும் என்பது அதற்கு முன்பே கார்ன்வாலிஸ் வைத்த அளவு. சித்திரவதை குற்றம் என்பது லட்சுமிநரசு செட்டியும், சென்னைக்கு நடந்தே வந்த குடியானவர்களும் வைத்த அளவு. அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோரின் பெயரைக்கூட நாம் அறியோம். செட்டியின் பெயரை அறிந்தவர்களே எத்தனை பேர்?

சிலையை எடுக்கச் சொல்லவில்லை. சிற்பி சாண்ட்ரி வடித்த நல்ல சிலை அது, நிற்கட்டும். மன்றோவைப் பற்றி எழுதுகிறவர்கள் 1824ஆம் ஆண்டுக் குறிப்பை எடுத்தாளும்போது, 1822ஆம் ஆண்டுக் குறிப்பையும் 1855ஆம் ஆண்டு அறிக்கையையும் அதே பக்கத்தில் வைத்து எழுதட்டும். அப்படி எழுதிய பிறகும் அவர் விதிவிலக்குதான் என்று ஒருவருக்குத் தோன்றினால், அவரோடு உட்கார்ந்து பேச நான் தயார்.